மைக்கேல் ஜாக்சனின் சிறுவயதுப் பாடல்களைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?

மைக்கேல் ஜாக்சன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் 1982-க்குப் பிந்தையவர்: 'த்ரில்லர்', மூன்வாக், ஒற்றைக் கையுறை. அங்கிருந்து பின்னால் போய்ச் சிறுவயதுப் பாடல்களைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்று, 'என்ன ஒரு பிஞ்சுக் குரல்'. மற்றொன்று, 'விளையும் பயிர் முளையிலே தெரிந்திருக்கிறது'. இரண்டு வார்த்தையிலும் பாட்டு இல்லை. 1969 முதல் 1975 வரை மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடிப் பதிவானவை, முழுநேரமாக இந்தத் தொழிலைச் செய்த ஒரு பாடகரின் வேலை. எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லைத் தாளத்துக்கு முன்னே தள்ளுகிறார், எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறார் என்று கவனித்தால்தான் அந்த வேலை தெரியும். வயதை மறக்க வேண்டாம். ஆனால் வயதைப் பாராட்டிவிட்டுப் பாட்டைப் பாராட்டியதாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எந்தக் கருவியில், எந்தப் பிரதியை

மொபைலின் சொந்த ஸ்பீக்கரில் இந்தப் பாடல்களைக் கேட்காதீர்கள். 200 ஹெர்ட்சுக்குக் கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கரால் பெரிதாக எதையும் ஒலிக்க முடியாது. மைக்கேலும் அண்ணன்கள் நால்வரும் சேர்ந்த ஜாக்சன் 5 குழுவின் பாடல்களுக்கு முதுகெலும்பான பேஸ் கிட்டாரில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். மிஞ்சுவது உச்சத்தில் பாடும் ஒரு சிறுவர் குரலும் ஜால்ரா மாதிரி ஒரு சத்தமும்தான். 'குழந்தைப் பாட்டு' என்று பலர் ஒதுக்குவதற்கு இதுவே பாதிக் காரணம். விலை குறைந்ததாக இருந்தாலும் காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று போதும். பேஸ் கூட்டும் ஈக்வலைசர் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒலியைப் பாதிக்கு மேல் வைக்க வேண்டாம்; இந்தப் பதிவுகளில் நடு, மேல் அலைவரிசைகள் கூர்மையானவை, சீக்கிரமே காது சோர்ந்துவிடும். ஒரு அமர்வுக்கு நான்கு பாடல்கள் போதும்.

அடுத்தது பிரதி. இணையத்தில் கிடைப்பவற்றில் சில வேகம் மாற்றப்பட்டவை. காப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்க வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஏற்றிவிடுகிறார்கள். வேகம் கூடினால் சுருதியும் கூடும், குரல் இன்னும் இளையதாகத் தோன்றும். வயதோடு சேர்த்துக் குரலை ஆராய உட்காருபவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்று கிடையாது. கண்டுபிடிப்பது எளிது. 'ஐ வாண்ட் யூ பேக்' பாட்டின் சுருதி ஏ ஃபிளாட், நம் ஹார்மோனியக் கணக்கில் ஐந்தரைக் கட்டை. கீபோர்டு செயலியில் அந்தக் கறுப்புக் கட்டையை அழுத்திப் பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு கட்டையில் போய் நின்றால், அந்தப் பிரதி சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். மிகச் சிறிய வித்தியாசம் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்; அந்தக் கால டேப் இயந்திரங்களே அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடியவை அல்ல.

பிறகு, பின்னாளில் கைவைக்கப்பட்டவை. 1984-இல் மோட்டவுன் வெளியிட்ட 'ஃபேர்வெல் மை சம்மர் லவ்' தொகுப்பில் உள்ள குரல் 1973-ஆம் ஆண்டினுடையது. ஆனால் வெளியிடாமல் கிடந்த அந்தப் பதிவுகளுக்கு மேலே 1984-இல் புதிதாக வாத்தியங்கள் சேர்த்தார்கள். 'த்ரில்லர்' விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. மைக்கேலின் குரல் வளர்ச்சியைத் தொடர இதைப் பயன்படுத்தினால் குழம்பிப் போவீர்கள். 2009-இல் வந்த 'தி ஸ்ட்ரிப்டு மிக்சஸ்' இதற்கு நேர் எதிர்: வாத்தியங்களைக் குறைத்துக் குரலை முன்னே கொண்டுவந்தது. அதை முதலில் கேட்காதீர்கள். அசல் பாட்டு மனத்தில் பதிந்த பிறகு, ஒரு சங்கதியைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியங்களோடு மோதியும் ஒதுங்கியும் பாடிய குரலைத் தனியே நிறுத்திவிட்டால், அவர் ஏன் அப்படிப் பாடினார் என்பதன் பாதி மறைந்துவிடும். செயற்கை நுண்ணறிவால் பிரித்தெடுத்த 'குரல் மட்டும்' கோப்புகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அவற்றில் மூச்சொலியும் சொல்லின் கடைசி மெய்யொலியும்தான் முதலில் சிதையும். நாம் கேட்க வேண்டியதே அந்த இரண்டைத்தான்.

வயதுக் கணக்கு

மைக்கேல் பிறந்தது 1958 ஆகஸ்ட் 29, இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில். மோட்டவுன் விளம்பரத்தில் அவருக்கு வயது 8 என்று சொன்னார்கள். உண்மையில் அவர் 11-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். குழுவைக் கண்டுபிடித்தவர் மோட்டவுனின் நட்சத்திரப் பாடகி டயானா ராஸ் என்றும் சொன்னார்கள். முதல் ஆல்பத்தின் பெயரிலேயே அவரைச் சேர்த்தார்கள். உண்மையில் குழுவை மோட்டவுனுக்குக் கொண்டுவந்தவர் பாபி டெய்லர் என்ற பாடகர். சிகாகோவின் ரீகல் தியேட்டரில் அவர்களைப் பார்த்துவிட்டு டெட்ராய்ட்டுக்கு அழைத்துப் போனார். 1968 ஜூலை 23 அன்று அங்கே நடந்த தேர்வு படம்பிடிக்கப்பட்டிருக்கிறது. பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டை ஒன்பது வயது மைக்கேல் பாடி ஆடுவதை அதில் பார்க்கலாம். பழைய கட்டுரைகளில் வரும் வயதை நம்பாமல், வெளியான தேதியிலிருந்து நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்குச் சில வாரமோ சில மாதமோ முன்புதான் பதிவு நடந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பள்ளிகள், ஒரே ஆல்பம்

1969 டிசம்பரில் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பகுதி பாபி டெய்லர் டெட்ராய்ட்டில் தயாரித்தது. மற்றவர்கள் பாடிய சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சிமிக்க இசை) பாடல்களை எடுத்துச் சிறுவர்களிடம் கொடுத்துப் பாட வைத்தார். குரலை அவிழ்த்துவிடுவது அவர் வழி. 'ஐ வாண்ட் யூ பேக்' வேறு இடத்திலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் மோட்டவுனின் நிறுவனர் பெர்ரி கோர்டி, ஃப்ரெடி பெரன், அல்ஃபான்சோ மிசெல், டீக் ரிச்சர்ட்ஸ் என்ற நால்வர் சேர்ந்து உருவாக்கியது. 'தி கார்ப்பரேஷன்' என்ற ஒரே பெயரில்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஹாலந்து–டோசியர்–ஹாலந்து என்ற புகழ்பெற்ற மூவர் மோட்டவுனை விட்டுப் பிரிந்து வழக்கு வரை போன பிறகு, தனி நட்சத்திர இசையமைப்பாளர்கள் மறுபடி உருவாவதைக் கோர்டி விரும்பவில்லை. கார்ப்பரேஷனின் வழி, ஒவ்வொரு அசையையும் தாளத்தில் அடித்துப் பொருத்துவது.

சிறுவன் மைக்கேல் இந்த இரண்டு பள்ளிகளிலும் ஒரே ஆண்டில் படித்தார். இதைப் பிடித்துக்கொண்டால் பிறகு வரும் எல்லாப் பாடல்களுக்கும் ஒரு சாவி கிடைக்கும்: இந்த இடத்தில் பாடுபவர் டெய்லரின் மாணவரா, கார்ப்பரேஷனின் மாணவரா?

'ஐ வாண்ட் யூ பேக்': மூன்று முறை

1969 அக்டோபரில் வெளியானது. 1970 ஜனவரி கடைசியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாட்டு. மூன்று முறை கேளுங்கள். மூன்று முறையும் கூடவே பாடாதீர்கள். உங்கள் குரல் உங்கள் மண்டைக்குள்ளேயே ஒலிப்பதால், அவர் எடுக்கும் சின்ன மூச்சுகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும்.

முதல் முறை பேஸ் மட்டும். பியானோ மேலிருந்து கீழே வழுக்கி இறங்கியதும் பேஸ் கிட்டார் பிடித்துக்கொள்ளும். வாசித்தவர் வில்டன் ஃபெல்டர். ஜாஸ் குழு ஒன்றின் சாக்ஸபோன் கலைஞராகப் பெயர் பெற்றவர். ஆதார சுருதியைத் தட்டிக்கொண்டு நிற்காமல், அந்த பேஸ் தனக்கென்று ஒரு மெட்டையே பாடுகிறது. வாயால் முணுமுணுக்கும் அளவுக்கு அது உங்களுக்குப் பாடமாகிவிட வேண்டும். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மோட்டவுனின் ஸ்டுடியோ பதிவுகளில் வாசித்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். அண்ணன் டிட்டோவின் கிட்டாரையும் ஜெர்மெய்னின் பேஸையும் மேடைப் பதிவுகளில்தான் கேட்க முடியும்.

இரண்டாம் முறை அண்ணன்கள். ஜாக்கி, டிட்டோ, ஜெர்மெய்ன், மார்லன் நால்வரும் பின்னால் எங்கே வருகிறார்கள் என்று பாருங்கள். சரணத்தில் ஒதுங்கி நிற்பவர்கள் பல்லவியில் நெருங்குகிறார்கள். கடைசியில் ஒலி தேய்ந்து மறைவதற்கு முன் கேள்வி–பதில் ஆகிவிடுகிறது: தேவாலயப் பாடலிலிருந்து சோல் இசைக்கு வந்த பழக்கம். ஹெட்ஃபோனின் இடது, வலது பக்கங்களைத் தனித்தனியாகக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். மொபைலின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் இரு காதிலும் ஒரே கலவைதான் விழும்.

மூன்றாம் முறைதான் மைக்கேல். இப்போது பேஸ் உங்களுக்குத் தெரியும் என்பதால், அவர் அதன் மீது எப்படி நடக்கிறார் என்பது புரியும். சரணத்தில் சொற்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்களே நாக்கு தடுமாறும் வேகம். சொல்லின் கடைசி மெய்யை அவர் இழுக்காமல் வெட்டுகிறார். அப்படி வெட்டுவதால் கிடைக்கும் இம்மியளவு இடைவெளியில் அடுத்த சொல்லுக்கு இடம் வருகிறது. பல்லவிக்கு முன் கெஞ்சும் அடியில் மட்டும் உயிரெழுத்தைத் திறந்துவிடுகிறார். வெட்டியும் திறந்தும் பாடும் இந்த மாற்றம்தான் பாட்டுக்கு உந்து விசை. நன்றாகப் பாடும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே பாட்டை எடுத்துக்கொண்டு தோற்கும் இடமும் இதுதான். எல்லாச் சொல்லையும் ஒரே பலத்தோடு பாடிவிடுவார்கள்.

இது பிடிபட்டதும் 'ஏபிசி', 'தி லவ் யூ சேவ்' இரண்டையும் ஒரு முறை ஓடவிட்டால் போதும். ஒரே அச்சில் வார்த்தவை, மேலும் இறுக்கமானவை. 1970-இல் இந்த இரண்டு பாடல்களும் முதலிடத்திலிருந்து இறக்கியது பீட்டில்ஸ் குழுவை: ஏப்ரலில் 'லெட் இட் பீ', ஜூனில் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்'.

'ஹூஸ் லவின் யூ': பென்சிலோடு உட்காருங்கள்

'ஐ வாண்ட் யூ பேக்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது இது. பாபி டெய்லர் தயாரிப்பு. மைக்கேலுக்கு வயது பத்து. சிறுவயதுப் பதிவுகளில் ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரம் உண்டு என்பவருக்கு நாங்கள் தருவது இதைத்தான்.

முதலில் அசலைக் கேளுங்கள். ஸ்மோக்கி ராபின்சன் எழுதி, தன் மிராக்கிள்ஸ் குழுவோடு 1960-இல் பாடியது. ராபின்சன் மென்மையாக, தனக்குள்ளே நொந்துகொள்பவர்போலப் பாடுவார். கையில் இருந்தபோது சரியாக நடத்தாமல் விட்ட காதலி இப்போது யாரோடு இருக்கிறாளோ என்று குமைவதுதான் பாட்டு. தாளம் நமக்குப் பழகியதுதான்: நான்கு அடி, அடிக்கு மூன்று, மெதுவான திஸ்ர நடை. தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம்.

பிறகு பாடல் வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மைக்கேலின் பதிவைப் போடுங்கள். முதல் சுற்றில் அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். பத்து வயது நுரையீரல் சிறியது. பெரியவர் ஒரே மூச்சில் கடக்கும் அடியை அவர் உடைத்தாக வேண்டும். எங்கே உடைக்கிறார் என்பதே கலை. பொருள் அறுபடாத இடத்தில், சில சமயம் விம்மல்போலக் கேட்கும்படி உடைக்கிறார். மூச்சுக் குறைவு உணர்ச்சியாக மாறிவிடுகிறது. கோடுகள் விழுந்த தாளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் சுற்றில் சங்கதிகள். பாட்டின் முதல் சொல்லே ஒரே அசைதான்; 'வென்'. அந்த ஒற்றை அசையின் மேல் அவர் ஏறி, இறங்கி, வளைந்து வருகிறார். நம் காதுக்கு உடனே 'பிருகா' என்று தோன்றும். அந்தக் காதோடு கேட்டால் ஒன்றைத் தவறவிடுவோம். நம் பிருகாவில் ஒவ்வொரு ஸ்வரமும் முத்துமுத்தாக விழுவதை எதிர்பார்ப்போம். சோல் இசையில் ஸ்வரங்களுக்கு இடையில் உள்ள இடத்தில்தான் அழுத்தம். குறிப்பாகக் காந்தாரத்தைக் கவனியுங்கள். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வைத்து உரசுவார்கள். ப்ளூஸ் இசையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பத்து வயதில் அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் தப்பாமல் தொடுவது கேள்விஞானத்தால் மட்டுமே வரும்.

அந்தக் கேள்விஞானம் எங்கிருந்து வந்தது? ரீகல், நியூயார்க்கின் அப்பல்லோ போன்ற அரங்குகளில் பக்கத் திரைக்கு அருகே நின்று ஜேம்ஸ் பிரவுனையும் ஜாக்கி வில்சனையும் பார்த்துப் பார்த்துக் கற்றதை மைக்கேலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். வாழ்ந்து பார்க்காத துயரத்தைக் குரலில் கொண்டுவந்தது எப்படி என்று வியப்பவர்கள் இங்கேதான் தேட வேண்டும். ஒரு துயரம் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார். 2009-இல் நடந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில் ஸ்மோக்கி ராபின்சனே, இந்தப் பாட்டைக் கேட்டதும் பையனின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும்போல இருந்தது என்று நினைவுகூர்ந்தார்.

இந்தப் பாட்டில் எல்லோரும் சறுக்கும் இடம் உரத்த பகுதிகளில் மட்டும் மனம் பறிகொடுப்பது. உச்சத்தில் கத்துவது பயிற்சியுள்ள பல பிள்ளைகளால் முடியும். உச்சத்துக்குப் பிறகு அடுத்த அடியை எவ்வளவு தாழ்வாக எடுக்கிறார் என்று கேளுங்கள்.

'பிக் பாய்', 'யூ'வ் சேஞ்ச்டு': ஒரு நேரடி ஒப்பீடு

மோட்டவுனுக்கு முன்பு, 1968 ஜனவரியில், கேரியிலேயே இருந்த ஸ்டீல்டவுன் என்ற சிறு நிறுவனம் 'பிக் பாய்' இசைத்தட்டை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1967 ஜூலையில் சிகாகோவில் பதிவான இன்னொரு 'பிக் பாய்' டேப் பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்து, 2014-இல் வெளியானது. காலவரிசைப்படி இவைதான் முதலில் வர வேண்டும். ஆனால் கேட்பதற்கு முதலில் எடுக்காதீர்கள். ஒலி மங்கல், வாத்தியங்கள் தளர்வு. மோட்டவுன் பதிவுகளில் குரலைப் பிரித்தறியப் பழகிய காதுக்குத்தான் இங்கே இருப்பது தெரியும்.

இதில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்டீல்டவுன் தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'யூ'வ் சேஞ்ச்டு' பாட்டை மோட்டவுனின் முதல் ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தார்கள். ஒரே பாட்டு, ஒரே பாடகர், வெளியீட்டில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு இடைவெளி. அடுத்தடுத்து இரண்டையும் போடுங்கள். முதல் பதிவில் வாத்தியங்களைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உந்துகிறார். இரண்டாவதில் வாத்தியம் அவருக்கு இடம் விடுகிறது. அவரும் இடம் விடக் கற்றிருக்கிறார். ஒரு ஸ்டுடியோ பாடகருக்கு என்ன கற்றுத் தரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடி வேறு இல்லை.

'ஐல் பீ தேர்': யார் பாடுவது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1970 ஆகஸ்ட் 28, மைக்கேலின் 12-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வெளியானது. ஐந்து வாரம் முதலிடம். மோட்டவுனில் குழுவின் முதல் நான்கு சிங்கிள்களும் (தனித்தட்டாக வெளியான பாடல்கள்) முதலிடத்தைப் பிடித்த வரிசையில் இது நான்காவது. தயாரித்தவர் ஹால் டேவிஸ். துள்ளல் இல்லாத மெதுவான பாட்டு என்பதால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

புதிதாகக் கேட்பவர்கள் இங்கே செய்யும் தவறு, ஜெர்மெய்ன் பாடும் அடிகளையும் மைக்கேல் கணக்கில் எழுதுவது. ஜெர்மெய்னுக்கு அப்போது 15 வயது. குரல் தடித்து, கொஞ்சம் மூக்கொலியோடு, சுருதியில் கீழே நிற்கும். பாட்டின் நடுவே அவர் ஏற்றுக்கொண்டு பாடிவிட்டு மைக்கேலிடம் திருப்பித் தருகிறார். அந்தக் கைமாற்றம் நடக்கும் நொடியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இரண்டு குரல்களின் நிறமும் அருகருகே வருவதால் இனி எந்தப் பாட்டிலும் குழம்ப மாட்டீர்கள். 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்', 'ஐ ஃபவுண்ட் தட் கேர்ள்' போன்றவற்றில் முன்னணிக் குரலே ஜெர்மெய்னுடையதுதான்.

மைக்கேலின் பகுதியில் கேட்க வேண்டியது அடக்கம். முதல் அடிகளில் அதிர்வே இல்லாத நேர்க்குரல். பெரியவர்கள் நீண்ட ஸ்வரத்தின் முடிவில் குரலை நடுங்க விடுவார்கள். இங்கே அது இல்லை, ஆனால் ஸ்வரம் தொய்வதும் இல்லை. சங்கதிகளைக் கடைசிப் பகுதிக்காகச் சேமித்து வைத்திருக்கிறார். டெய்லரிடம் கற்றதை கார்ப்பரேஷனின் கட்டுப்பாட்டோடு செலவழிக்கிறார்.

குரல் உடையும் காலம்

இந்தக் காலத்தைப் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1971 அக்டோபரில் வந்த 'காட் டு பி தேர்' தனிப்பாடகராக முதல் சிங்கிள், வயது 13. 1972-இல் 'பென்'. அது அமெரிக்காவில் அவருடைய முதல் தனி முதலிடம். 1973-இல் 'மியூசிக் அண்ட் மீ' ஆல்பம், வயது 14. 1975 ஜனவரியில் 'ஃபாரெவர், மைக்கேல்', வயது 16. இந்த நான்கிலிருந்தும் தலைப்புப் பாட்டையோ நன்கு தெரிந்த ஒரு பாட்டையோ எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேளுங்கள். 'ஃபாரெவர், மைக்கேல்' ஆல்பத்துக்கு 'ஒன் டே இன் யுவர் லைஃப்' பொருந்தும். பிரிட்டனில் 1981-இல் முதலிடம் வரை போன பாட்டு அது.

'காட் டு பி தேர்' பல்லவியில் குரல் மேலே ஏறும்போது கனம் குறையாமல் ஏறுகிறது. 'பென்' பாட்டில் அதே உயரங்களை மென்மையாகத் தொடுகிறார். 'மியூசிக் அண்ட் மீ' கேட்கும்போது மேல் ஸ்தாயி ஒடுங்கி, நடு ஸ்தாயியில் ஒரு புகைமூட்டமான நிறம் வந்திருப்பது தெரியும். இதைத் தேய்வு என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பலம் போனபோது சொல்லையும் மூச்சையும் வைத்துப் பாடக் கற்றுக்கொண்ட ஆண்டுகள் இவை. 'டான்சிங் மெஷின்' பாட்டில் அந்தக் கல்வி வெளிப்படுகிறது: குறுகிய சொற்றொடர்கள், தாள வாத்தியம்போல மூச்சு.

ஸ்டுடியோவில் பல முறை பாடித் தேர்ந்தெடுக்கலாம். மேடையில் அந்த வசதி இல்லை. அதனால் 2010-இல் வெளிவந்த 'லைவ் அட் தி ஃபோரம்' தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள ஃபோரம் அரங்கில் 1970 ஜூன் 20, 1972 ஆகஸ்ட் 26 என்று இரண்டு கச்சேரிகள். ஒரே அரங்கு, ஒரே குழு, இரண்டே ஆண்டு இடைவெளி. இரண்டிலும் உள்ள பாட்டு ஒன்றை எடுத்து, ஹார்மோனியத்திலோ செயலியிலோ இரண்டின் சுருதியையும் பிடித்துப் பாருங்கள். பிறகு உயர்ந்த அடிகளில் மட்டும் கவனம் வையுங்கள்: முன்பு நேராகத் தாக்கிய ஸ்வரத்தை இப்போது கீழிருந்து வழுக்கிப் பிடிக்கிறாரா, அண்ணன்களின் குரல் முன்னைவிட நெருங்கித் துணை நிற்கிறதா? கூட்டத்தின் அலறல் தொந்தரவாக இருக்கும். முதல் பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

கனமான விஷயம் ஒன்று

இந்தப் பாடல்களின் வரிகள் பெரும்பாலும் பெரியவர்களின் காதல். கண்டிப்பான, அடிக்கும் தந்தையின் கீழ் ஒத்திகை நடந்ததையும், மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது தான் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியிருந்ததையும் மைக்கேல் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். கேட்பவர் இதைத் தெரிந்துகொண்டு கேட்பதே நேர்மை. ஆனால் ஒவ்வொரு உயர்ந்த ஸ்வரத்திலும் 'அழுகிறான் பாவம்' என்று தேடுவதும் தவறு. அது அவருடைய திறமையைப் பறித்துவிடும். முதலில் பாட்டைப் பாட்டாகக் கேட்டுவிட்டு, வரலாற்றைத் தனியே படியுங்கள். இரண்டும் மனத்தில் தானாகச் சேரும்.

எதை வாங்குவது

தனி ஆல்பங்கள் நான்கையும் சேர்த்து 2009-இல் வந்த 'ஹலோ வேர்ல்ட்' என்ற மூன்று குறுந்தகட்டுத் தொகுப்பு தனிப்பாடல்களுக்குப் போதுமானது. குழுப் பாடல்களுக்கு 1995-ஆம் ஆண்டின் 'சோல்சேஷன்' நான்கு தட்டுகள். வானொலியில் அந்த நாளில் ஒலித்த மோனோ கலவை வேண்டும் என்றால் 'தி கம்ப்ளீட் மோட்டவுன் சிங்கிள்ஸ்' வரிசையில் 1969-க்கான ஒன்பதாவது தொகுதியைப் பாருங்கள். மோனோவில் குரலும் பேஸும் ஒன்றோடொன்று இறுகி நிற்கும். பாட்டு இன்னும் வலுவாக வந்து தாக்கும். நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் பழைய சிறு இசைத்தட்டு வாங்குவதானால் தட்டின் பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டுக் கொண்டாட்டங்களில் மழுங்கிய ஊசியால் தேய்ந்த தட்டுகள் ஏராளம். கீறல் இல்லாவிட்டாலும் உச்சக் குரல் கரகரக்கும். தட்டின் உட்பக்கம், பாட்டு முடியும் இடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும்.

பிள்ளைகளைப் பாட வைக்க நினைத்தால்

இந்தப் பாடல்களைக் கேட்ட வீட்டில் பிள்ளைகளும் பாடிப் பார்ப்பார்கள். பாடட்டும், நல்லதுதான். அசல் சுருதியில் மட்டும் தொடங்காதீர்கள். ஐந்தரைக் கட்டையில் இருக்கும் 'ஐ வாண்ட் யூ பேக்' பாட்டை நான்கு கட்டைக்கோ அதற்கும் கீழேயோ இறக்கி, வேகத்தையும் நான்கில் ஒரு பங்கு குறைத்து, முதலில் சரணத்தின் சொற்களை மட்டும் தாளத்தில் பேசச் சொல்லுங்கள். சொல் வெட்டு வந்த பிறகு மெட்டு. உச்ச அடிகளில் கழுத்து நரம்பு புடைத்தாலோ தாடை முன்னே வந்தாலோ அந்தச் சுருதி இன்னும் அதிகம். தொடர்ந்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நடுவே தண்ணீர். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, மறுநாள் இன்னும் அரைக் கட்டை இறக்கி ஆரம்பியுங்கள்.